காளைக்கு ஏது மடி?

பொங்கல் கழிந்ததும் எங்கள் வேலூர்ப் பக்கத்து ஊர்களில் மாடு விடும் விழாக்கள் வரிசையாக வரும். தெருவின் இரு பக்கமும் தடுப்புக் கட்டி, நடுவில் காளையை அவிழ்த்து விடுவார்கள். குறித்த தூரத்தை எத்தனை நொடியில் ஓடி முடிக்கிறது என்பதே கணக்கு. மைக்கில் நொடியைச் சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை. (பேச்சும் இருக்கும், சண்டையும் இருக்கும், அது வேறு கதை.) ஓடும் காளையின் தகுதியை அதன் காலே சொல்லிவிடுகிறது.

பால் மாட்டுக்கு அப்பனாகப் போகிற பொலிகாளையின் கதை அவ்வளவு சுலபம் இல்லை. அதன் மகள்கள் எத்தனை லிட்டர் கறப்பார்கள் என்று அதன் உடம்பில் எங்கே பார்ப்பது? காளைக்கு ஏது மடி? ஒரு பசு தன் ஆயுளில் ஆறேழு கன்று போட்டாலே பெரிது. ஒரே காளையின் விந்தைச் சினை ஊசியாகப் போட்டால் ஆயிரக்கணக்கில் கன்றுகள் பிறக்கும். ஊரில் நாளைக்கு எவ்வளவு பால் என்பதில் பெரிய கை காளையுடையதுதான். ஆனால் அந்தக் காளையின் தகுதியைத்தான் பார்க்க முடியாது. கறவை மாட்டு இனப்பெருக்கத்தில் காலம் காலமாக இருந்த தலைவலி இது. மரபணுப் பரிசோதனை கை வைத்தது சரியாக இந்த இடத்தில்.

நான் கால்நடை மருத்துவன் இல்லை. அணைக்கட்டுப் பக்கம் மாடு கட்டியிருக்கும் குடும்பத்தில் பிறந்தவன், கொஞ்சம் படித்துப் புரிந்துகொண்டவன். புரிந்த வரையில் எங்கள் சித்திக்கு எப்படிச் சொன்னேனோ, அப்படியே இங்கே சொல்கிறேன்.

மகள் கறக்கும் வரை காத்திரு

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பார்கள். மாட்டுக்காரர்களும் இதைத்தான் நம்பினார்கள். நன்றாகக் கறக்கிற பசுவின் காளைக்கன்றை ஊருக்குப் பொலிகாளையாக விட்டு வைப்பார்கள். தப்பான யோசனை இல்லை. ஆனால் பாதி யோசனை.

ஏன் பாதி? மாட்டின் ஒவ்வொரு உயிரணுவிலும் 30 ஜோடிக் குரோமோசோம்கள் இருக்கின்றன. கன்றுக்கு ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று தாயிடமிருந்து வருகிறது, ஒன்று தகப்பனிடமிருந்து. எந்த ஒன்று வரும் என்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பது போல. 30 தடவை சுண்டிவிட்டால் 107 கோடிக்கு மேற்பட்ட விதங்களில் விழலாம். அதுவும் குரோமோசோம்கள் தமக்குள் துண்டு மாற்றிக்கொள்வதைக் கணக்கில் சேர்க்காமல். அதனால்தான் ஒரே பசு, ஒரே காளை, அக்கா தங்கை இரண்டு கிடாரிகள். ஒன்று 12 லிட்டர், இன்னொன்று 7 லிட்டர் என்று நிற்கும். தாய் தகப்பனைப் பார்த்துச் சொல்வதெல்லாம் சராசரிக் கணக்கு. சீட்டு எப்படி விழுந்தது என்பதை அது சொல்லாது.

இதற்கு 20-ஆம் நூற்றாண்டில் ஒரு வழி கண்டார்கள். காளையை நேரடியாக அளக்க முடியாதா? சரி, மகள்களை அளப்போம். இளங்காளை ஒன்றரை வயதை நெருங்கும்போது விந்து எடுத்து, பல ஊர்களில் பல நூறு பசுக்களுக்கு ஊசி போடுவார்கள். ஒன்பது மாதத்துக்கு மேல் சினை. பிறந்த கிடாரிகள் வளர்ந்து, பருவத்துக்கு வந்து, சினையாகி, கன்று போட்டு, மடி இறங்கும் வரை பொறுக்க வேண்டும். அதன் பிறகு முதல் ஈத்துப் பாலை 305 நாளுக்குக் கணக்கெடுக்க வேண்டும். இப்படி நூறு மகள்களின் கணக்கு கைக்கு வரும்போது காளைக்கு ஐந்தாறு வயது முடிந்திருக்கும். நம்மூர்க் கிடாரிகள் முதல் கன்று போடவே மூன்று வயது ஆகிவிடுவதால் இன்னும் தள்ளிப் போகும். அதுவரை காளை தின்றுகொண்டு நிற்கும். சோதித்த பத்துக் காளைகளில் ஒன்றிரண்டுதான் தேறும். மற்றவற்றுக்குப் போட்ட தீவனம் போட்டதுதான்.

இந்த முறைக்கு மகள்வழிச் சோதனை என்று பெயர் சொல்லலாம். மெதுவானது, செலவு பிடிப்பது. ஆனால் நேர்மையானது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் பல பத்தாண்டுகள் இதை விடாமல் செய்தன. அந்தப் பொறுமையில் சேர்ந்த பழைய நோட்டுகள்தான் பிற்காலத்தில் பொன்னாயின. அதைப் பிறகு சொல்கிறேன்.

உள்ளே இருக்கும் சுழிகள்

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். மாட்டைச் சுற்றி வந்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, மடியைத் தடவி, பால் நரம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் தோலில் முடி சுழன்றிருக்கும் சுழியைப் பார்ப்பார்கள். ஏறுபூரான் நல்லது, இறங்குபூரான் ஆகாது, கோபுரச் சுழி வீட்டுக்கு விருத்தி, பாடைச் சுழி வந்தால் வாசலோடு அனுப்பு. அப்புறம்தான் துண்டுக்கு அடியில் தரகரின் விரல் பேசும். சுழிக்கும் பாலுக்கும் தொடர்பு உண்டா என்று யாரும் நோட்டுப் போட்டுச் சரிபார்த்ததில்லை. கெட்ட சுழி என்று தள்ளிய மாட்டை மலிவாக வாங்கிப் போய் நன்றாகக் கறந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

இப்போது அதே சுழி உடம்புக்கு உள்ளே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஆயிரக்கணக்கில்.

மாட்டின் டி.என்.ஏ. நான்கே எழுத்துகளால் எழுதிய ஏறத்தாழ 270 கோடி எழுத்து நீளமுள்ள ஏடு. ஏ, டி, ஜி, சி என்பவை அந்த எழுத்துகள். எந்த இரண்டு மாட்டை எடுத்தாலும் இந்த ஏட்டில் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். சில இடங்களில் மட்டும் ஒரு மாட்டில் ஏ, இன்னொன்றில் ஜி என்று ஓர் எழுத்து மாறியிருக்கும். இந்த ஒற்றை எழுத்து மாற்றத்துக்குத்தான் எஸ்.என்.பி. என்று பெயர், 'ஸ்னிப்' என்று படிப்பார்கள். சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர்கள் இதை எஸ்.என்.எஃப். என்று படித்துவிட வேண்டாம். அது பாலில் கொழுப்பு நீங்கிய திடப்பொருள், உங்கள் விலைச்சீட்டில் வருவது. இது மாட்டின் ஏட்டில் வருவது.

2009-இல் ஹியர்போர்ட் இனத்துப் பசு ஒன்றின் ஏட்டை முழுதாகப் படித்து வெளியிட்டார்கள். அதற்குச் சற்று முன்பே, ஏடு முழுவதையும் படிக்காமல், எழுத்து மாறும் இடங்களில் சுமார் 54,000 இடங்களை மட்டும் ஒரே தடவையில் பார்த்துச் சொல்லும் கண்ணாடிச் சில்லு வந்துவிட்டது. அதைச் 'சிப்' என்கிறோம். காதில் துளி சதையோ, வால் முடியின் வேரோ, கொஞ்சம் ரத்தமோ போதும். ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது வேலூர்க்காரர்களுக்கு ஒன்றும் புதிதல்ல.

இந்த 54,000 இடங்களும் உள் சுழிகள். சந்தைச் சுழிக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். இங்கே ஒவ்வொரு சுழிக்கும் என்ன மதிப்பு என்பதைப் பால் நோட்டு சொல்கிறது, பாட்டி சொல்வதில்லை.

எப்படி? மகள்வழிச் சோதனை முடிந்த ஆயிரக்கணக்கான காளைகள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் மகள்கள் எவ்வளவு கறந்தார்கள், கொழுப்பு எவ்வளவு, மடிநோய் வந்ததா, சினை சீக்கிரம் நின்றதா என்பதெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. அந்தக் காளைகளின் பழைய விந்துக் குச்சிகள் மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனில் அப்படியே கிடக்கின்றன. குச்சியை எடுத்துச் சிப்பில் போட்டு, உள் சுழிகளைப் படித்து, ஒரு பக்கம் சுழி, மறு பக்கம் பால் என்று கணினியிடம் கொடுத்தார்கள். இன்ன இடத்தில் ஜி இருந்தால் பால் இம்மி கூடுகிறது, இன்ன இடத்தில் டி இருந்தால் கொழுப்பு துளி குறைகிறது என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு எடை போட்டுக் கொடுத்தது கணினி. பெரும்பாலான இடங்களின் எடை எள்ளளவுதான். சில மட்டும் பெரியவை. 14-ஆவது குரோமோசோமில் இருக்கும் டிகேட்1 என்ற மரபணு அப்படி ஒன்று. அதில் நேரும் மாற்றம் பால் அளவைக் கொஞ்சம் குறைத்துக் கொழுப்பை நன்றாகக் கூட்டும். கொழுப்பைப் பார்த்துக் காசு கொடுக்கும் சொசைட்டி வாசலில் நிற்பவருக்கு இது சின்ன விஷயமா?

இப்படிச் சுழியும் பால் கணக்கும் இரண்டுமே தெரிந்த மாடுகளின் கூட்டத்தை ஆதாரக் கூட்டம் என்று அழைப்போம். எடைகள் கிடைத்ததும் வேலை எளிது. நேற்றுப் பிறந்த காளைக்கன்றின் காதில் துளி சதை எடுத்துச் சுழிகளைப் படி, எடைகளைக் கூட்டு, வருகிற எண்தான் அதன் மதிப்பு. மகள் பிறக்கவில்லை, கறக்கவில்லை, ஆனாலும் காளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடிகிறது. கிடாரிக் கன்றுக்கும் இதேதான்.

இந்த யோசனையைக் கணக்குப் போட்டு முன்வைத்தவர்கள் மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட் என்ற மூவர், 2001-இல். அன்றைக்கு அவ்வளவு எழுத்துகளைப் படிக்கும் சிப்பே கிடையாது. கருவி வருவதற்கு ஆறேழு ஆண்டு முன்பே கணக்கு வந்து காத்திருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

வேகமும் அதன் விலையும்

2009 ஜனவரியில் அமெரிக்க வேளாண் துறை ஹோல்ஸ்டீன், ஜெர்சி மாடுகளுக்கு மரபணு மதிப்பீட்டை அதிகாரபூர்வமாக வெளியிடத் தொடங்கியது. அந்தச் சமயத்தில் பிரெடி என்று கூப்பிடப்பட்ட ஒரு ஹோல்ஸ்டீன் காளை, மகள் ஒன்றுகூடக் கறக்காத நிலையில், டி.என்.ஏ.வை மட்டும் வைத்து முதல் வரிசையில் கணிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் மகள்களின் கணக்கு வந்தபோதும் அது முதல் வரிசையிலேயே நின்றது. அதன் பிறகு காத்திருக்கப் பலருக்குப் பொறுமை இல்லை. முன்பு அடுத்த தலைமுறைக் காளைக்குத் தகப்பனாகும் காளையின் வயது சராசரி 7 ஆண்டு. அது இரண்டரை ஆண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. பால் அளவில் ஆண்டுதோறும் கிடைக்கும் வம்ச முன்னேற்றத்தின் வேகம் முன்பைவிட 50 முதல் 100 சதவீதம் வரை கூடியது. சினை பிடிப்பது, மடி நோய்க்கு ஈடு கொடுப்பது போன்ற விஷயங்களில் மூன்று நான்கு மடங்கு. பரம்பரையின் பங்கு மிகக் குறைவாக உள்ள குணங்கள் அவை. நூறு மகள்களைப் பார்த்தும் சரியாகப் பிடிபடாதவை. அங்கேதான் சிப் அதிகம் உதவியது.

நம்பகம் எவ்வளவு? தாய் தகப்பனை மட்டும் பார்த்துச் சொன்னால் நூற்றுக்கு 35 அளவில் நிற்கும். பெரிய ஆதாரக் கூட்டம் உள்ள ஹோல்ஸ்டீனில் சிப் அதை 70 பக்கம் கொண்டு போகும். மகள்கள் கறந்த கணக்கு வந்தால் 90 பக்கம். ஆகச் சிப் என்பது ஜோசியமும் இல்லை, தீர்ப்பும் இல்லை. சீக்கிரம் கிடைக்கிற நல்ல மதிப்பீடு.

வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. எல்லோரும் ஒரே பட்டியலின் மேல் வரிசைக் காளைகளையே தேடினால், எல்லா மாடும் ஒன்றுக்கொன்று சொந்தமாகிவிடும். ஹோல்ஸ்டீனில் இது ஏற்கெனவே நடந்ததுதான். இன்றைய ஹோல்ஸ்டீன் காளைகளின் ஆண்வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் கிட்டத்தட்ட எல்லாமே இரண்டே காளைகளிடம் போய் முடியும். மரபணுத் தேர்வு வந்த பிறகு அங்கே ஆண்டுதோறும் சேரும் உள்ளினப் பெருக்கம் கூடத்தான் செய்திருக்கிறது.

சீஃப் விட்டுச்சென்ற கடன்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மரபணுப் பரிசோதனை என்றால் பால் கூட்டும் வித்தை என்று மட்டும் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு.

1962-இல் அமெரிக்காவில் பிறந்தது பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளை. அதற்கு மகள்கள் 16,000. பேத்திகள் 5 லட்சம். கொள்ளுப்பேத்திகள் 20 லட்சத்துக்கு மேல். உலக ஹோல்ஸ்டீன் ரத்தத்தில் சுமார் 14 சதவீதம் அந்த ஒரு காளையினுடையது. பாலும் அதற்கேற்ப ஊற்றெடுத்தது. ஆனால் சீஃபின் ஐந்தாவது குரோமோசோம் ஒன்றில், ஏபாஃப்1 என்ற மரபணுவில், ஓர் எழுத்து தப்பாக இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் தப்பு இருந்தால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. மறுபக்கத்தின் நல்ல எழுத்து ஈடுகட்டிவிடும். தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் தப்பான எழுத்தே வந்து சேர்ந்தால் கரு கன்றாகாது, கலைந்துபோகும்.

பேரனையும் பேத்தியையும் இணை சேர்க்கச் சேர்க்க இது நடந்துகொண்டே இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. பசு சினை நிற்கவில்லை என்றால் ஆயிரம் காரணம் சொல்லலாமே. வெயில், தீவனம், ஊசி போட்டவர் கை, பருவம் தப்பிப் பார்த்தது. ஒரு கிருமி இல்லை, ஒரு காய்ச்சல் இல்லை.

சிப் வந்த பிறகுதான் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். ஆயிரக்கணக்கான மாடுகளின் சுழிகளைப் படித்துப் பார்த்தால், குறிப்பிட்ட ஒரு குரோமோசோம் துண்டு ஒரு பக்கம் இருக்கிற மாடுகள் நிறைய இருக்கின்றன. இரண்டு பக்கமும் இருக்கிற மாடு ஒன்றுகூட இல்லை. கணக்குப்படி நிறைய இருக்க வேண்டும். இல்லை என்றால் அவை பிறக்கவே இல்லை. உயிரோடு நிற்கிற மாடுகளின் பட்டியலை வைத்து, பிறக்காமல் போனவற்றைக் கண்டுபிடித்தார்கள். 2011-இல் இந்த வழியில் ஹோல்ஸ்டீனில் மூன்று, ஜெர்சியில் ஒன்று, பிரவுன் சுவிஸில் ஒன்று எனத் துண்டுகள் பிடிபட்டன. சீஃபின் தப்பான எழுத்தால் உலகெங்கும் சுமார் 5 லட்சம் சினைகள் கலைந்திருக்கும் என்று பிறகு மதிப்பிட்டார்கள். இழப்பு சுமார் 42 கோடி டாலர். அதே சீஃபால் வந்த பால் வருமானம் அதைவிடப் பல மடங்கு என்பதும் உண்மை.

இப்போது தீர்வு மிகச் சுலபம். காளையின் சோதனையில் அந்தத் துண்டு இருந்தால், அதே துண்டைச் சுமக்கும் பசுவுக்கு அந்த ஊசியைப் போடக் கூடாது. அவ்வளவுதான். காளையைக் கொல்லவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

இதைச் சித்தியிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "செவலைக்கு மூணு தபா ஊசி போட்டு நிக்கல. சந்தைல தள்ளிவுட்டோம்" என்றார். செவலைக்கு இதுதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் நம் பக்கம் போடுவது பெரும்பாலும் ஜெர்சி ஊசி. தமிழ்நாட்டின் இனவிருத்திக் கொள்கையே சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் கலப்பு என்றுதான் வகுத்திருக்கிறது. ஜெர்சியில் பிடிபட்ட துண்டை அன்றைய அமெரிக்க ஜெர்சிகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் சுமந்துகொண்டிருந்தது.

வேலூரில் இது வேலை செய்யுமா?

சரி, அமெரிக்கச் சிப்பையும் அமெரிக்க எடைகளையும் கொண்டு வந்து நம் மாட்டுக் காதில் கிள்ளினால் போதாதா? போதாது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் சிக்கல், எடைகள் இனத்துக்கு இனம் மாறும். சிப் படிக்கிற சுழிகளில் பெரும்பாலானவை தாமாகப் பாலைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. உண்மையான மரபணுவுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவை அவை. ஹோல்ஸ்டீனில் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பவர் காங்கேயத்தில் நான்கு தெரு தள்ளி இருக்கலாம். அடையாளத்தை நம்பிக் கதவைத் தட்டினால் வேறு ஆள் வருவார். நம் மாடோ கலப்பு. அதில் எத்தனை பங்கு ஜெர்சி, எத்தனை பங்கு நாட்டு மாடு என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. (இந்தப் பங்கைச் சிப் நன்றாகவே சொல்லிவிடும். அதற்காக மட்டும்கூட இது உபயோகமானது.)

அடுத்தது வெயில். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பனிக்கு நடுவே, கலந்து அரைத்த தீவனம் நாள் முழுக்க முன்னால் கிடக்க, மதிப்புப் போடப்பட்ட காளை அது. அதன் மகள் கத்திரி வெயிலில் 41 டிகிரியில், வைக்கோலும் தவிடும் தின்று, ஓட்டுக் கொட்டகையில் மூச்சிரைத்துக்கொண்டு நின்றால் அங்கே கறந்தது போல இங்கே கறப்பாளா? அங்கே முதல் வரிசையில் இருந்தது இங்கேயும் முதல் வரிசையில் வர வேண்டிய அவசியம் இல்லை. வெயிலுக்கு என்று தனி மரபணுக்கள் உண்டு. கரீபியன் பகுதியின் செனபோல் இன மாட்டில் 'ஸ்லிக்' என்ற மாற்றம் இருக்கிறது. அது இருந்தால் முடி குட்டையாக, வழவழவென்று இருக்கும். உடம்புச் சூடு கட்டுக்குள் நிற்கும். அதை ஹோல்ஸ்டீனுக்குள் கொண்டுபோய், வெயில் பகுதிகளில் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டு மாட்டின் தோலில் வெயிலைத் தாங்கும் வித்தை ஏற்கெனவே இருக்கிறது. எந்த எழுத்தில் இருக்கிறது என்று கண்டு, பாலோடு சேர்த்து எடுப்பதுதான் வேலை.

அதனால்தான் இந்தியாவுக்கென்று சிப்கள் வந்தன. ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் கலப்பின, நாட்டின மாடுகளுக்காக 'இண்டஸ்சிப்' செய்தது. ஐதராபாத்தில் உள்ள தேசிய விலங்கு உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்தின் 'இண்டிகாவ்' 2021 ஆகஸ்டில் வந்தது. கிர், காங்ரேஜ், சாகிவால், ஓங்கோல் போன்ற நாட்டினங்களுக்கானது. 2024 அக்டோபரில் மாட்டுக்குக் 'காவ்சிப்', எருமைக்கு 'மகிஷ்சிப்' என்று நாடு முழுவதற்குமான பொதுச் சிப்கள் அறிமுகமாயின. கிடாரிக் கன்றாகவே பெரும்பாலும் பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்தும் இப்போது மானியத்தில் கிடைக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தால், நல்ல கிடாரியிடமிருந்து நல்ல கிடாரி என்று சங்கிலி போடலாம்.

ஆக, கண்ணாடிச் சில்லுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் நோட்டுக்கு. சிப் ஒரு பக்கம்தான். மறு பக்கத்தில் பால் கணக்கு வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அமெரிக்காவில் ஒரு பண்ணையில் ஆயிரம் மாடு நிற்கும், மாட்டு வாரியாகக் கணக்கு இருக்கும். நம்மிடம் வீட்டுக்கு இரண்டு மாடு, மூன்று மாடு. சொசைட்டியில் காலையும் மாலையும் பால் அளக்கிறார்கள். லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப்., விலை எல்லாம் சீட்டில் வருகிறது. ஆனால் அது வீட்டுக் கணக்கு. இரண்டு மாட்டுப் பாலும் ஒரே கேனில் கலந்து வந்தது. எந்த மாடு எவ்வளவு என்று கேனுக்குத் தெரியாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் இத்தனை ஆண்டாக ஒரு நாள் தவறாமல் பால் அளந்திருக்கிறோம். இருந்தும் ஒரு காளையின் மகள்கள் எப்படிக் கறந்தார்கள் என்று சொல்ல அந்தக் கணக்கால் முடியாது. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

காதில் மஞ்சள் கம்மல் போட்டு, 12 இலக்க எண் கொடுத்திருக்கிறார்களே, அதன் உண்மையான பயன் இங்கேதான். எண் இருந்தால் மாட்டு வாரியாக ஊசி, சினை, ஈத்து, பால் என்று ஒரே இடத்தில் சேர்க்கலாம். மாதம் ஒரு நாள் ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனியாக அளந்தாலே போதும், ஓர் ஈத்தின் மொத்தப் பாலை நெருக்கமாகக் கணித்துவிடலாம். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மாடாக இருந்தால் என்ன, ஆயிரம் வீட்டில் இரண்டாயிரம் மாடு. ஆதாரக் கூட்டம் என்பது ஒரே பண்ணையில் நிற்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

சிப் செய்யாதது எது

ஒரு மாடு எவ்வளவு கறக்கிறது என்பதில் மாட்டுக்கு மாடு உள்ள வேறுபாட்டில், பரம்பரையின் பங்கு கால்வாசி, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. மீதியெல்லாம் தீவனம், தண்ணீர், நிழல், நோய், கறக்கிற கை. நல்ல எண் வந்த கிடாரியை வாங்கி, வெறும் வைக்கோலில் கட்டிப் போட்டுவிட்டுச் 'சிப் பொய்' என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. சந்தை ஒன்றில் நாங்களும் ஏமாந்திருக்கிறோம், ஆனால் அது சிப்பால் இல்லை. முதல் நாள் கறக்காமல் மடியை நிறுத்தி வைத்துக் காட்டினார்கள். 14 லிட்டர் என்று ஓட்டி வந்த மாடு வீட்டில் 8 லிட்டரில் நின்றது. மரபணுச் சான்று அந்த மாதிரிப் பித்தலாட்டத்தை மட்டும் கொஞ்சம் கடினமாக்கும்.

இன்னொரு குழப்பம் ஏ2. 'எங்கள் மாட்டுக்கு ஜீன் டெஸ்ட் பண்ணியாச்சு, ஏ2 பால்' என்று விற்கிறார்களே, அது பாலின் பீட்டா கேசின் என்ற ஒரே புரதத்துக்கான ஒரே மரபணுவில் ஓர் எழுத்தைப் பார்க்கும் சோதனை. நாட்டு மாடுகளில் பெரும்பாலும் ஏ2தான் இருக்கும். மாடு எவ்வளவு கறக்கும், சினை நிற்குமா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசாது. ஓர் எழுத்தைப் பார்ப்பதற்கும் ஐம்பதாயிரம் எழுத்தைப் பார்ப்பதற்கும் விலை வித்தியாசம் இருக்க வேண்டும் என்பதையாவது கேட்டு வாங்குங்கள்.

இரண்டு மாடு வைத்திருப்பவர் இன்றைக்கே சிப் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை. அந்தச் செலவு முதலில் விந்து நிலையத்தில் நிற்கும் காளைக்குத்தான் ஆக வேண்டும். ஒரு காளையைச் சோதித்தால் ஆயிரம் வீட்டுக்குப் போகும். நம் வீட்டு வேலை அதைவிட மலிவானது. ஊசிக் குச்சியில் காளையின் எண் அச்சடித்திருக்கும். அதைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்றால், மூன்று வருடம் கழித்து அந்த ஊசியில் பிறந்த கிடாரிக்கே அதே காளையின் ஊசி வந்து விழும். அப்பனும் மகளும். சீஃப் கதையை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

போன மாதம் கறுப்பிக்குச் சினைப்பருவம் வந்தது. ஊசி போட வந்தவர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். சித்தி கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, "இன்னா காளைப்பா?" என்று கேட்டார்.

"ஜெர்சிதாங்க்கா."

"ஜெர்சி தெரியும். நெம்பரு இன்னா?"

அவர் ஒரு நிமிடம் சித்தியைப் பார்த்தார். இருபது வருடத்தில் யாரும் கேட்டதில்லை போல. போன் டார்ச்சை அடித்து, மெல்லிய குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். சித்தி அதைச் சமையலறைக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதிவிட்டு, "இன்னொரு தபா படி, சரியாக்கீதான்னு பாக்கறேன்" என்றார்.